அமரர் என்று போட வேண்டாம்

ஜனவரி 25, புதன்

தக்காளி வரத்து அதிகம், விலை சரிவு. முருங்கை பரவாயில்லை. மதியம் இரண்டு மணிக்கு டீக்கடை டிவியில் செய்தி சொன்னார்கள். டாக்டர் சென்னியப்பனுக்குப் பாரத ரத்னாவாம். மறைவுக்குப் பின்.

வேளாண் விஞ்ஞானி. மழை பொய்த்தாலும் விளைகிற நெல்லைக் கண்டுபிடித்து ஆறு மாநிலங்களுக்குச் சோறு போட்டவர் என்றார்கள். டீக்கடையில் நின்ற லோடுமேன்கள் கைதட்டினார்கள். நான் டீயைக் குடித்துவிட்டு டம்ளரை வைத்தேன். ஆறு மாநிலத்துக்குப் போட்டவர் எங்கள் வீட்டு உலைக்கு ஒரு படி அரிசி அனுப்பியதில்லை.

பெற்ற அப்பன்தான். இந்த ஒட்டன்சத்திரம் சந்தையில் அது யாருக்கும் தெரியாது. என் மண்டிப் பலகையில் 'பா. மயிலாத்தாள்' என்றிருக்கிறது. 'பா' என்றால் என் அம்மா பாவாத்தாள். கேட்கிறவர்களிடம் அப்பா பெயர் பாலசுப்பிரமணி என்று சொல்லிவிடுவேன். முப்பத்தைந்து வருஷமாக அந்த ஓர் எழுத்தை வைத்தே ஓட்டியாகிவிட்டது.

வீட்டுக்குப் போகிற வழியில் கேபிள்காரனைப் பிடித்து எங்கள் வீட்டு லைனை வெட்டச் சொன்னேன்.

"மார்ச் வரைக்கும் கட்டியிருக்கீங்களேக்கா?"

"கட்டினவதான் சொல்றேன். வெட்டு."

ஜனவரி 26, வியாழன்

சந்தை லீவு. ஏன் வெட்டினேன் என்று எழுதிவிடுகிறேன். உரக் கம்பெனிக்காரன் கொடுத்த டைரி வெற்றாகத்தான் கிடக்கிறது.

அந்தாள் போன ஆனி மாதம் தில்லியில் செத்தார். அவருடைய தங்கை பொன்னாத்தாள், எனக்கு அத்தை முறை, ஐம்பது வருஷமாக எங்கள் வாசல் மிதிக்காதவள், அன்றைக்கு மண்டிக்குப் போன் செய்தாள். "நம்ம சனத்துப் பொம்பளைங்க பத்துப் பேரு வர்றோம் மயிலு. அண்ணிக்குச் செய்ய வேண்டியதச் செய்யோணும்."

என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். என் பெரியம்மாவுக்குச் செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். மஞ்சள் பூசி, தலை நிறையப் பூ வைத்து, கை நிறைய வளையல் அடுக்கி, நடுவீட்டில் உட்கார வைத்து, அப்புறம் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்கள். தாலியை அறுக்கும்போது பெரியம்மா 'ஐயோ' என்று கூடச் சொல்லவில்லை. கோழியைப் பிடிக்கிற மாதிரி பிடித்திருந்தார்கள்.

"எங்க வாசப்படி மிதிச்சா காலை ஒடிச்சிருவேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை. எண்பத்தொரு வயது. நெற்றியில் ரூபாய் அகலத்துக்குப் பொட்டு வைக்காமல் காபி குடிக்க மாட்டாள். என்னை ஏழு வயதில் விட்டுவிட்டுப் போய் அங்கே வேறொருத்தியோடு குடும்பம் நடத்தினவனுக்காக அந்தப் பொட்டை எவளும் அழிக்கத் தேவையில்லை.

அன்றைக்கு நான் வீட்டுக்குப் போனபோது அம்மா நட்டநடு மதியத்தில் தலைக்குக் குளித்துவிட்டு முடி உலர்த்திக்கொண்டிருந்தாள். அது செவ்வாயும் இல்லை, வெள்ளியும் இல்லை. என்னம்மா என்றேன். "புழுக்கமா இருந்துச்சு" என்றாள். நல்லவேளை, என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜனவரி 27, வெள்ளி

வியாபாரிகள் சங்கத் தலைவர் கொழந்தசாமி ரசீதுப் புத்தகத்தோடு வந்தான். என்னைவிடப் பத்து வயது இளையவன், வாய் மட்டும் மூத்தது.

"மயிலக்கா, நம்ம பக்கத்து ஊர்க்காரருக்குப் பாரத ரத்னா! சந்தை வாசல்ல பத்தடிக்குப் பேனர் கட்டுறோம். உங்க மண்டியில வந்து எறங்குது பாருங்க, லாரியில மூணு நாள் கெடந்தாலும் நசுங்காத தக்காளி, அதும் அவரு கண்டுபிடிச்சதுதானாமா!"

"தோல் தடிப்பு" என்றேன்.

"அதேதாங்க்கா! அதுதான் விசயமே!"

அந்தத் தக்காளியை இருபது வருஷமாக விற்கிறேன். காயோடு எனக்கென்ன கோபம்? காசு கொடுக்கிற காய்.

போனில் பேனர் மாதிரியைக் காட்டினான். 'பாரத ரத்னா அமரர் டாக்டர் சென்னியப்பன் அவர்களுக்கு வீரவணக்கம்.' அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் ஆட்டோவில் முருகன் கோயிலுக்குப் போகிறவள். சந்தை வாசல் வழியாகத்தான் போக வேண்டும். ஐந்தாவது வரைதான் படிப்பு, ஆனால் வழியில் இருக்கிற பலகை ஒன்று விடாமல் சத்தமாகப் படிப்பாள்.

"இது தப்பு, கொழந்தசாமி" என்றேன். "பேருக்கு முன்னாடி பாரத ரத்னான்னு போடக்கூடாது. சட்டம் இருக்கு. அது பட்டம் இல்ல."

"அப்படியா?" என்று போனில் தேடினான். இருந்தது. நான் நேற்றே பார்த்து வைத்திருந்தேன். அரச இலை மாதிரி ஒரு வெண்கலப் பதக்கம், ஒரு காகிதம், பணம் ஒரு காசு கிடையாது, பெயருக்கு முன்னாலோ பின்னாலோ ஒட்டிக்கொள்ளவும் கூடாது. சரக்கும் இல்லை, லேபிளும் இல்லை. இதற்குத்தான் நாடே கைதட்டுகிறது.

"அதே மாதிரி அமரர்னும் போடக்கூடாது" என்றேன்.

"அதுக்கும் சட்டமாக்கா?"

"பின்ன? விருது செத்தவருக்கா குடுக்கறாங்க? அவரு பேருக்குக் குடுக்கறாங்க. பேருக்கு ஏது சாவு? வாழ்கன்னு போடு."

முதல் பாதி நிஜம், இரண்டாம் பாதி என் சரக்கு. நல்ல காயை மேலே அடுக்கிப் பெட்டி கட்டுவது எனக்குப் புதிதா? அவனுக்கு இன்னும் கொஞ்சம் சந்தேகம் இருந்தது. பேனர் முழுச் செலவும் என்னது என்றேன், சந்தேகம் தீர்ந்தது.

கடைசியில் முடிவானது இது: 'நாட்டின் உயரிய விருது பெறும் எங்கள் மண்ணின் மைந்தர் டாக்டர் சென்னியப்பன் வாழ்க! வாழ்க!'

அந்தாள் வாழ்க என்று என் கைக்காசில் போட வேண்டி வந்துவிட்டது. வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

பிப்ரவரி 3, வெள்ளி

அம்மாவோடு நானும் ஆட்டோவில் போனேன். வெள்ளிக்கிழமை காலை மண்டியை விட்டு நான் எழுந்ததே இல்லை. கால் வலி, கோயிலுக்கு ஒரு வேண்டுதல் என்று ஏதோ சொன்னேன்.

சந்தை வாசலில் அம்மா எட்டிப் பார்த்தாள். ஒவ்வோர் எழுத்தாகப் படித்தாள். ஆட்டோக்காரனை நிறுத்தச் சொல்லி இன்னொரு தடவை படித்தாள்.

"யாரு மயிலு இது?"

"யாரோ விஞ்ஞானியாம்."

"வாழ்கன்னு ரெண்டு தடவ போட்டிருக்கான். ஒண்ணு பத்தாதாமா?"

"அது வழக்கம்மா."

"எவனோ நல்லாக் காசு வாங்கிட்டுப் போட்டிருக்கான்" என்று சிரித்தாள். அப்புறம் பூக்காரியிடம் ஒரு முழத்துக்குப் பதில் இரண்டு முழம் வாங்கி முழுவதையும் தன் தலையிலேயே வைத்துக்கொண்டாள்.

அடையாளம் தெரியவில்லை. சென்னியப்பன் என்ற பெயர் எங்கள் பக்கம் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும். படத்தில் அந்தாள் வழுக்கை, கண்ணாடி. இவள் பார்த்தது சுருட்டை முடியும் மீசையும். ஐம்பத்தைந்து வருஷம் ஆகிறதே. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

பிப்ரவரி 9, வியாழன்

பீன்ஸ் நல்ல விலை. கேபிள் ரிப்பேர் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். இன்னும் சரியாகவில்லையா என்று அம்மா ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. தொடர் பார்க்காமல் சோறு இறங்காதவள். வயதாகிறது, மறந்துவிடுகிறாள்.

பிப்ரவரி 15, புதன்

ஏலம் முடிகிற நேரத்தில் மண்டி முன்னால் ஒரு வாடகைக் கார் நின்றது. இறங்கியவனுக்கு ஐம்பது வயதிருக்கும். முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. கண்ணாடியில் தினமும் பார்க்கிற மூக்கு.

"வணக்கமுங்க. நான் விக்ரம். தில்லியில இருந்து வர்றேனுங்க."

தில்லியில் பிறந்து வளர்ந்தவன் இங்கிலீஷில் பேசுவான், பதிலுக்கு நாலு வார்த்தை கேட்கலாம் என்று இருந்தேன். அவன் பேசினது எங்கள் ஊர்த் தமிழ். 'வேணும்' என்று சொல்லவில்லை, 'வேணுமுங்க' என்றான். உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறார் அந்தாள். எனக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்தது ராஜாமணி டீச்சர்.

"அக்கா..." என்று ஆரம்பித்தான்.

"சந்தைக்கு வர்றவங்க எல்லாருமே என்னை அக்கான்னுதான் கூப்பிடுவாங்க. வெலை கொறைக்கறதுக்கு. உனக்கு என்ன வேணும்?"

அடுத்த மாதம் விருது கொடுக்கிறார்கள். அவனுடைய அம்மா போய் வாங்க வேண்டுமாம். உடம்பு சரியில்லாதவள், இதற்காகத்தான் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறாளாம். ஊரில் முதல் மனைவி இருப்பதால் பின்னால் வழக்கு வம்பு வராமல் இருக்க ஒரு ஆட்சேபணை இல்லாக் கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளச் சொன்னாராம் அவர்கள் வக்கீல்.

"எங்கம்மாதான் தாலி கட்டினவ. அவ போயி வாங்கினா என்ன?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "வாங்கலாமுங்க. உங்க அம்மாவுக்குத்தான் உரிமை. நான் கெஞ்சிக் கேக்கத்தான் வந்தேன்."

சண்டைக்கு நின்றால் மல்லுக்கட்டலாம். இப்படிக் காலில் விழுகிற சரக்கோடு எப்படிப் பேரம் பேசுவது? எரிச்சல்தான் வந்தது. காகிதம் இங்கிலீஷில் இருந்தது, வாங்கி மண்டிக்குப் பக்கத்து வக்கீல் குமாஸ்தாவிடம் தமிழில் படித்துச் சொல்லச் சொன்னேன். 'காலஞ்சென்ற', 'விதவை' என்று இரண்டு இடம் வந்தது. அம்மாவால் படிக்க முடியாதுதான், ஆனாலும் அந்த வார்த்தைகளுக்குக் கீழே அவள் கையெழுத்து வரக் கூடாது.

"இந்த ரெண்டையும் எடு" என்றேன்.

"சட்டப்படி அதுதானுங்களே..."

"அந்த ரெண்டு வார்த்தையும் இருந்தா கையெழுத்து இல்ல. இன்னொண்ணு, எங்க வீட்டுப் பக்கம் நீயோ, உன்ற டிவிக்காரனோ வரக்கூடாது."

அவனுக்குப் புரியவில்லை. நானும் விளக்கவில்லை. கம்ப்யூட்டர் கடையில் உட்கார்ந்து மாற்றிக் கொண்டுவந்தான். கொடுக்கும்போது கேட்டான்: "உங்களுக்குன்னு ஏதாவது வேணுமுங்களா? அப்பா சாமான்ல, போட்டோ, பேனா..."

"எனக்கு ஒண்ணும் வேண்டாம்" என்றேன். பேரத்தில் சொல்லவே கூடாத வார்த்தை அது. வாய் முந்திக்கொண்டது.

கார் கிளம்புவதற்குள் கொழந்தசாமி டிரைவரிடம் எல்லாவற்றையும் கறந்துவிட்டான். "ஏனுங்க்கா, நீங்க அவரு மகளா! பாலசுப்பிரமணின்னீங்களே!" என்று சந்தைக்கே கேட்கிற மாதிரிக் கத்தினான். நாலு மணிக்குள் பதினொரு சால்வை. போர்த்துகிறவன் எல்லாம் என்னோடு ஒரு போட்டோ. போன வாரம் எடையில் ஏமாற்றுகிறேன் என்று என்னைத் திட்டின சீரங்கனும் ஒன்று போர்த்தினான். சால்வைக்குப் பதில் சாக்கு கொடுத்திருந்தால் பீன்ஸாவது கட்டியிருப்பேன்.

"எங்கம்மா காதுல எவனாவது போட்டீங்க, அவன் சரக்கை அப்புறம் எவனும் எடுக்க மாட்டான்" என்று எல்லோரிடமும் பொதுவாகச் சொன்னேன். சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை என்று பார்த்து நிறுத்திக்கொண்டார்கள்.

பிப்ரவரி 16, வியாழன்

சங்கத்துக் காகிதம் என்று சொல்லி அம்மாவிடம் நீட்டினேன். இங்கிலீஷ். அவளால் படிக்க முடியாது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதைப் போட்டா யாருக்கு நல்லது?"

"ஒரு பொம்பளைக்கு. உடம்பு சரியில்லாதவ."

"நல்லவளா?"

"எனக்கெப்படித் தெரியும்?"

பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். சு. பாவாத்தாள்.

"என்னம்மா இது, 'சு'? கல்யாணத்துக்கு முன்னாடி இருந்த இனிசியலப் போட்டிருக்கே?"

"எங்கப்பன் சுப்பணன். உனக்கு முன்னால நான் நிக்கிறேன், எனக்கு முன்னால எங்கப்பன் நிக்கிறான். போதும், போ."

அடித்து எழுதினால் செல்லாது. அப்படியே கூரியரில் அனுப்பினேன். செல்லும் என்று விக்ரம் போன் செய்தான். நன்றி சொல்ல ஆரம்பித்தான், வைத்துவிட்டேன்.

மார்ச் 5, ஞாயிறு

பொன்னாத்தாள் போன். ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டதல்லவா, இனி அவளுக்கும் உறவு முளைத்துவிட்டது.

"விருது குடுக்கற அன்னிக்கு ஊரே நம்மளப் பாக்கும் மயிலு. சீமையே மதிச்ச மனுசன் போயாச்சு, கட்டினவ பூவும் பொட்டுமா உக்காந்திருந்தா நம்ம சனம் காறித் துப்பாதா? அந்த தில்லிக்காரி வெறும் நெத்தியா வந்து நிப்பா. அண்ணி இப்படி இருக்கறது அண்ணனுக்கு அவமானம்."

"உங்கண்ணன் எங்கம்மாவை விட்டுட்டு ஓடினப்ப உன்ற சனம் எங்க போயித் துப்புச்சு?"

"ஆயிரந்தான் இருந்தாலும் பாரத ரத்னா பொண்டாட்டிடி!"

நாட்டிலேயே பெரிய விருதாம். அதில் எங்கள் வீட்டுக்கு வரப்போகிற பங்கு இதுதான். இந்த முறை கால் ஒடிப்பேன் என்று சொன்னதற்கு அவள் பயப்படவில்லை. பின்னால் சனம் இருக்கிறதே.

மார்ச் 14, செவ்வாய்

வீட்டுக் கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் போட்டேன். தச்சன் உளியை மறந்துவிட்டு இரண்டு தடவை வந்தான். வேலைக்காரி சரஸ்வதியிடம் யார் வந்தாலும் திறக்காதே என்று சொல்லியிருக்கிறேன். கத்தரிக்காய் சொத்தை.

மார்ச் 22, புதன்

காலை பதினொன்றரைக்கு டீக்கடையில் நேரடி ஒளிபரப்பு. பார்க்கக் கூடாது என்று இருந்தேன். எடைத் தராசு சரி செய்ய ஆள் வரவில்லை, சும்மா நின்றேன், அவ்வளவுதான்.

பெயரைப் படித்தார்கள். தள்ளு நாற்காலியில் ஒரு கிழவி வந்தாள். எலும்பும் தோலும். வெறும் நெற்றி. அந்த இலைப் பதக்கத்தை வாங்குகிறபோது பெட்டி சாய்ந்தது. பின்னால் நின்ற விக்ரம் பிடித்துக்கொண்டான். அரங்கம் முழுக்கக் கைதட்டியது, டீக்கடையும். அவள் மட்டும் நிமிரவே இல்லை.

இவளை எப்படியெல்லாம் திட்ட வேண்டும் என்று சின்ன வயதிலிருந்து சேர்த்து வைத்திருந்தேன். ஒன்றும் வாயில் வரவில்லை. டீயில் சர்க்கரை அதிகம் என்று கடைக்காரனோடு சண்டை போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

அதற்குள் சரஸ்வதி போன். "அக்கா, ஒரு வேன் நிறையப் பொம்பளைங்க. நான் கதவத் திறக்கல. அம்மாவே திறந்துட்டாங்க."

எப்படி வண்டி ஓட்டினேன் என்று தெரியவில்லை. போய்ப் பார்த்தால் பன்னிரண்டு பேர் நடுவீட்டில். பித்தளைத் தட்டில் மஞ்சள், பூ, கண்ணாடி வளையல், பக்கத்தில் மடித்த வெள்ளைச் சேலை. நடுவில் நாற்காலியில் அம்மா, காலையில் வைத்த பொட்டும் பூவுமாக, கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை.

"எந்திரிங்கடி" என்று நான் ஆரம்பித்தேன். அம்மா கையைக் காட்டி என்னை நிறுத்தினாள்.

பொன்னாத்தாள் பக்குவமாகப் பேசினாள். "ஆனி மாசமே உங்களுக்குப் போன்ல சொன்னனே அண்ணி, அண்ணன் போயிட்டாருன்னு. மொதல்ல உங்ககிட்டச் சொல்லிட்டுத்தானே மயிலுக்கே சொன்னேன்."

ஆனி மாதம். நட்டநடு மதியத்தில் தலைக்குக் குளித்தாளே.

"சொன்னே" என்றாள் அம்மா. "அன்னிக்கே தல முழுகிட்டேன். அந்தாளுக்கு நான் செய்ய வேண்டியது அவ்வளவுதான்."

"முறைன்னு ஒண்ணு இருக்குதில்லீங்க அண்ணி? இப்ப ஊருக்கே தெரிஞ்சு போச்சு..."

"ஊருக்கா?" அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஊருக்கு என்ன தெரியும்? சந்தை வாசல்ல பத்தடிக்குப் பேனர் கட்டியிருக்குது, பாத்தியா? வேன் அந்த வழியாத்தானே வந்துச்சு?"

பொன்னாத்தாள் தட்டிலிருந்த வளையலைத் தள்ளி வைத்தாள்.

"உங்கண்ணன் படம் போட்டு என்னன்னு எழுதியிருக்குது? நீதான் எட்டாவது படிச்சவளாச்சே, சொல்லு."

"வாழ்க..." என்றாள் பொன்னாத்தாள்.

"எத்தன தடவ?"

"...ரெண்டு."

"ஊரு ரெண்டு தடவ வாழ்கன்னு போட்டிருக்கறப்ப நீ எவடி வெள்ளைச் சேலையத் தூக்கிட்டு வர? ஊரெல்லாம் வாழ வைக்கற மனுசன இந்த ஒரு வீட்டுல மட்டும் சாகடிக்கப் பாக்கறயா? போ. அங்க போயி மொதல்ல 'செத்துட்டாரு'ன்னு எழுதச் சொல்லு. எழுதினதுக்கப்புறம் வா."

அந்தக் கூட்டத்தில் ஒருத்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பொன்னாத்தாள் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். வேன் கிளம்புகிற வரைக்கும் அம்மா கால் மேல் போட்ட காலை எடுக்கவில்லை.

அப்புறம் என்னைப் பார்த்து, "பேனருக்கு எவ்வளவு வாங்கினான் கொழந்தசாமி?" என்றாள்.

தெரிந்துகொண்டே ஏனம்மா சொல்லவில்லை என்று மட்டும் கேட்டேன்.

"உன்ன நான் ஒம்பது மாசம் சொமந்தேன். நீ இத ஒம்பது மாசம் சொமந்தே. சரியாப் போச்சு. கேபிள்காரனக் கூப்பிடு, தொடர் எங்க நிக்குதோ."

மார்ச் 24, வெள்ளி

தக்காளி ஏற்றம். தோல் தடித்த ரகம்தான் கேரளாவுக்குப் போகிறது.

விழா முடிந்துவிட்டது, பேனரை இறக்கிவிடலாமா என்று கொழந்தசாமி கேட்டான். இறக்காதே என்றேன். வெயிலில் வெளுத்தால் புதிது அடி. கிழிந்தால் மறுபடி கட்டு. எழுத்து மட்டும் ஒன்றுகூட மாறக் கூடாது. என் அம்மா இருக்கிறவரைக்கும் அந்தாள் அங்கே வாழ்ந்தே ஆக வேண்டும். செலவு என்னது.